இதழிலிருந்து கத்தரித்த விளம்பரத்தைப் பகுப்பாய்வு செய்யலாமா?

வாசகர் கேள்வி, ஜூன் 3

காட்சித் தொடர்பியல் முதலாண்டு படிக்கிறேன். அச்சு விளம்பரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பகுப்பாய்வு எழுதச் சொன்னார்கள். இணையத்தில் கிடைத்த பழைய சோப்பு விளம்பரம் ஒன்றை எடுத்து, குறிப்பான் (கண்ணில் படும் வடிவம்), குறிப்பீடு (அது சுட்டும் கருத்து), நேர்ப்பொருள், உட்பொருள் என்று பிரித்து எழுதிக் கொடுத்தேன். "இது எந்த இதழில், எந்தப் பக்கத்தில் வந்தது?" என்று கேட்டு ஆசிரியர் திருப்பித் தந்துவிட்டார். விளம்பரம் தன்னளவில் முழுமையான பிரதிதானே? அது எந்த இதழில் வந்தால் என்ன?

ஜூன் 3, இரவு

உங்கள் ஆசிரியர் கேட்டதுதான் இந்தப் பாடத்தின் முதல் கேள்வி. விளம்பரம் தனித்து நிற்கும் பிரதி அல்ல என்பது என் உறுதியான கருத்து. ஒருவர் காசு கொடுத்து, இந்த இதழ், இந்த வாரம், இந்தப் பக்கம், இவ்வளவு இடம் என்று கேட்டு வாங்கித்தான் அதை வெளியிடுகிறார். அந்த இடத்தை விட்டுவிட்டுப் படத்தையும் வாசகத்தையும் மட்டும் பிரித்துப் பார்த்தால் பாதிப் பொருள் கைக்கு வராமலே போய்விடும்.

படமும் சொல்லும் எப்படிக் குறிகளாக நின்று பொருள் தருகின்றன என்று ஆராயும் குறியியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் 1964இல் பன்சானி என்னும் பாஸ்தா நிறுவனத்தின் விளம்பரத்தைப் பற்றி எழுதியது இன்றும் வகுப்பில் முதல் பாடமாக இருக்கிறது. சிவப்புப் பின்னணியில் பாதி திறந்த வலைப்பை ஒன்று; அதிலிருந்து பாஸ்தா பொட்டலங்களும் ஒரு தகர டப்பாவும் தக்காளியும் வெங்காயமும் குடைமிளகாயும் காளானும் சரிந்து வெளியே வருகின்றன. சந்தையிலிருந்து இப்போதுதான் வீடு வந்து சேர்ந்த பசுமை, நிறங்களின் சேர்க்கையால் எழும் இத்தாலியத் தன்மை, அசையாப் பொருள் ஓவியங்களின் சாயல் என்று ஒவ்வொன்றாக அவர் எடுத்துக்காட்டுகிறார். மாணவர்கள் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடும் இரண்டு செய்திகள் அதே இடத்தில் இருக்கின்றன. அந்த இத்தாலியத் தன்மை பிரெஞ்சுக்காரரின் கண்ணுக்கு மட்டுமே தோன்றக்கூடியது, இத்தாலியர் ஒருவருக்கு அது அநேகமாகத் தெரியாது என்பது ஒன்று. இது விளம்பரம் என்பதை நாம் அறிவதே இதழுக்குள் அந்தப் படம் இருக்கும் இடத்தாலும், பொட்டலத்தின் மேல் உள்ள பெயர் அழுத்தமாகக் காட்டப்படுவதாலும்தான் என்பது மற்றொன்று. ஆக, நீங்கள் துணைக்கு அழைக்கும் குறியியலே உங்களை மறுபடியும் இதழின் பக்கத்துக்குத்தான் அனுப்புகிறது.

ஜூன் 4

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை விளக்க முடியாது. ஆசிரியப் பணிக்கு வருவதற்கு முன் நான் ஒரு வார இதழின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு இதழுக்கும் முதலில் தயாராவது டம்மி. வெற்றுத் தாள்களை மடித்துப் பக்க எண் போட்டு, ரிலீஸ் ஆர்டர் (வெளியிடச் சொல்லும் எழுத்து உத்தரவு) வந்துவிட்ட விளம்பரங்களின் பெயரை அதில் முதலில் குறிப்போம். பின் அட்டை, உள் அட்டைகள், நடுப்பக்கம், பொருளடக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஆகிய விலை கூடிய இடங்கள் முதலில் நிரம்பும். அரைப் பக்கமும் கால் பக்கமும் அடுத்து வரும். அதற்குப் பிறகுதான் மிச்சமிருக்கும் வெள்ளை இடத்தோடு டம்மி ஆசிரியர் குழுவின் அறைக்குப் போகும். சிறுகதையும் கேள்வி பதிலும் சமையல் குறிப்பும் அந்த வெள்ளைக்குள் அடங்கியாக வேண்டும். கடைசி நேரத்தில் ஒரு கால் பக்க விளம்பரம் வந்து சேர்ந்தால் துணுக்குகள் வெளியே போகும். வருவதாக இருந்த விளம்பரம் வராவிட்டால் அதே துணுக்குகள் உள்ளே வரும்.

இதழைப் புரட்டுபவர்கள், எழுத்து முதலில் வந்தது, விளம்பரம் இடையில் நுழைந்தது என்று எண்ணுகிறார்கள். நான் பார்த்த மேசையில் வரிசை அதற்கு நேர்மாறாக இருந்தது. "தொடர்ச்சி 62ஆம் பக்கம்" என்று ஒரு கதை பாதியில் நின்றால், அங்கே வாசகர் தம் கையாலேயே விளம்பரப் பக்கங்களைக் கடந்து போகும்படி வழி அமைக்கப்பட்டிருக்கிறது.

ஜூன் 4, பின்னிரவு

ஒரு சேர்க்கை. 1928இல் ஆனந்த விகடனை வாங்கி நடத்தத் தொடங்கிய எஸ். எஸ். வாசன், அதற்கு முன் விளம்பர முகவராக இருந்தவர். தமிழ் வார இதழ் இன்று நாம் அறியும் வடிவத்தை எடுத்ததில் விளம்பரத் தொழில் தெரிந்த ஒருவரின் கை இருந்தது என்பதை ஊடக வரலாறு எழுதுபவர்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். அது ஒரு முழு அத்தியாயத்துக்கு உரிய செய்தி.

ஜூன் 7

விளம்பரத்தைக் கத்தரித்து எடுப்பது இணையம் வந்த பிறகு தொடங்கிய பழக்கம் அல்ல. தமிழ்க் குடும்பங்கள் இதை வேறொரு விதமாகப் பல பத்தாண்டுகள் செய்திருக்கின்றன. வார இதழில் தொடர்கதை வரும் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்துவைத்து, கதை முடிந்ததும் பைண்டு செய்து அலமாரியில் அடுக்கினார்கள். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த பொன்னியின் செல்வன் இப்படித்தான் பல வீடுகளில் மணியம் வரைந்த படங்களோடு தங்கியது. எங்கள் வீட்டிலும் காலிகோத் துணியால் முதுகு ஒட்டிய அத்தகைய தொகுதிகள் இருந்தன. கதை ஒரு பக்கத்தில் முடிந்தால் அந்தத் தாளின் மறுபக்கத்தில் என்ன அச்சாகியிருந்ததோ அதுவும் கூடவே பைண்டாகிவிடும். தலைவலித் தைலம், கூந்தல் தைலம், குழந்தைகளுக்கான மருந்து, வானொலிப் பெட்டி என்று நான் பார்த்த முதல் பழைய விளம்பரங்கள் எல்லாம் கதையின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தவைதான்.

ஆய்வுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. பைண்டு செய்பவர் முதலில் கழற்றுவது அட்டையை. பின் அட்டையும் உள் அட்டைகளும்தான் இதழிலேயே விலை அதிகமான விளம்பர இடங்கள். வண்ணமும் நல்ல தாளும் அங்கேதான். அவையெல்லாம் பழைய தாள் கடைக்குப் போய்விட்டன. கதைக்குப் பின்பக்கத்தில் வந்த ஒற்றை நிறக் கால் பக்க விளம்பரங்களும் கோட்டோவியங்களும் பிழைத்தன. அக்கால விளம்பரங்கள் எளிமையாகவும் வாசகம் மிகுந்தும் இருந்தன என்று சொல்பவர்கள், தங்கள் கைக்கு வந்தவை எந்த வழியாக வந்தன என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். பெரும் நிறுவனங்களின் பெரும் விளம்பரங்கள் அந்தச் சான்றுக் குவியலில் இல்லாமல் போயிருக்கலாம். மேலை நாட்டு நூலகங்களிலும் இதே கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இதழ்களைத் தொகுதியாகக் கட்டும்போது மேலட்டையையும் விளம்பரத் தாள்களையும் நீக்கிவிடுவது அங்கே வழக்கமாக இருந்தது.

ஜூன் 8

எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள் என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி வந்ததை இப்போது சற்று நிதானத்தோடு சொல்ல விரும்புகிறேன். மாணவி ஒருவர், பெண் கல்வி பற்றிய கட்டுரைக்கு எதிரே அழகுசாதன விளம்பரம் இருந்ததை எடுத்துக்கொண்டு, இதழ் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிக்கிறது என்று மிக நன்றாக எழுதியிருந்தார். ஆனால் அந்தப் பக்கம் அங்கே வந்ததற்கு அச்சகக் காரணம் இருந்திருக்கக்கூடும். இதழ் பக்கம் பக்கமாக அச்சாவதில்லை. எட்டு, பதினாறு பக்கங்கள் ஒரே பெரிய தாளில் சேர்ந்த ஃபாரமாக அச்சாகிறது. எல்லாப் பக்கத்துக்கும் வண்ணம் கொடுக்க இயலாத காலத்தில், அந்தப் பெரிய தாளில் இரண்டாவது நிறம் ஓடும் முகத்தில் விழும் பக்கங்களுக்கு மட்டுமே அது கிடைக்கும். வண்ணம் கேட்டுப் பணம் கட்டிய விளம்பரம் அந்தப் பக்கங்களில் ஒன்றில்தான் நிற்க முடியும். எதிரே என்ன கட்டுரை வந்தது என்பதை அந்த இடத்தில் யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் அந்த மாணவி எழுதியது வீணா? இல்லை என்றே நினைக்கிறேன். வாசகரின் கண்முன் இரண்டும் சேர்ந்துதான் விரிந்தன. அந்தச் சேர்க்கையிலிருந்து எழுந்த பொருள் உண்மையானது. "இதழ் விரும்பியது" என்று எழுதுவதற்கு மட்டும் வேறு சான்று வேண்டும். "வாசகர் கண்டது" என்று எழுதினால் பக்கமே சான்று. இந்த இரண்டு வாக்கியங்களையும் கலக்காமல் எழுதக் கற்றுக்கொண்டவர் பாதி தூரம் வந்துவிட்டார்.

ஜூன் 11

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். செய்தித்தாள் காகிதத்தில் மை பரவும். அதில், புகைப்படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் ஹாஃப்டோன் பிளாக்கின் புள்ளிகள் நுண்மையாக இருந்தால் அடைத்துக்கொண்டு முகம் கறுத்துவிடும். அதனால் புள்ளியைப் பெரிதாக்க வேண்டும், அல்லது புகைப்படத்தைக் கைவிட்டு, கோடுகளால் ஆன படத்தை அச்சிடும் லைன் பிளாக்குக்குப் போக வேண்டும். அந்தக் கால வார இதழ் விளம்பரங்களில் கோட்டோவியப் பெண்கள் இவ்வளவு பேர் இருப்பதற்கு அழகியல் காரணத்தோடு இந்தக் காகிதக் காரணமும் உண்டு.

என்னிடம் உள்ள ஒரு கால் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். கூந்தல் தைலம். இடப்பக்க ஓரம் முழுவதும் மேலிருந்து கீழ்வரை பெண்ணின் கூந்தல் இறங்கி, அதுவே விளம்பரத்தின் எல்லைக்கோடாக ஆகியிருக்கிறது. பக்கத்து விளம்பரத்திலிருந்து இதைப் பிரிக்க வேறு கோடே இல்லை. வலது கீழ் மூலையில் சீசா. வாசகம் தமிழ், முகவரி சென்னை. ஆனால் அந்தப் பெண்ணின் முந்தானை வலது தோளின் மேலாக முன்பக்கம் விழுகிறது. குஜராத்திலும் வடக்கிலும் அப்படிக் கட்டுவார்கள். இங்கே இடது தோளின் மேல் பின்னால் விடுவதுதான் பரவலான வழக்கம். படம் ஓரிடத்திலும் எழுத்து வேறோரிடத்திலும் பிறந்து, பிறகு ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன என்று அந்த முந்தானையே சொல்கிறது.

பெரிய விளம்பர நிறுவனங்கள் எங்கே இருந்தன என்று பார்த்தால் இது வியப்பில்லை. ஜே. வால்டர் தாம்ப்சன் 1929இல் பம்பாயில் அலுவலகம் திறந்தது. லீவர் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவாக லின்டாஸ் 1939இல் அங்கேயே தொடங்கியது. லக்ஸ் சோப்பு 1941இல் லீலா சிட்னிசை முதல் இந்திய நட்சத்திரமாகக் காட்டியது. அதே அமைப்பு அப்படியே இருக்க, மொழிக்கு மொழி நடிகையின் முகம் மட்டும் மாறி வந்தது. தமிழ் இதழில் தமிழ் நடிகை தோன்றும்போது அவர் "நம்மவர்" ஆகிவிடுகிறார். ஆனால் அவர் நிற்கும் சட்டகம் வேறெங்கோ செய்யப்பட்டது. கேள்வி கேட்டவரின் சோப்பு விளம்பரம் இவ்வகை என்றால், ஒரே வரிசையில் வந்த இரண்டு மொழி விளம்பரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும். எது மாறியது, எது மாறவில்லை என்பதிலிருந்தே கட்டுரை பிறந்துவிடும்.

ஜூன் 12

கைகளைப் பார்க்கச் சொல்ல மறந்துபோகக் கூடாது. சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் எழுபதுகளில் நூற்றுக்கணக்கான அமெரிக்க விளம்பரப் படங்களை வரிசைப்படுத்தி, ஆண் பொருளைப் பிடிக்கிறான், பெண் அதை வருடுகிறாள் அல்லது தொட்டும் தொடாமலும் நிற்கிறாள் என்று காட்டினார். படத்தில் உள்ள ஆணையும் பெண்ணையும் மனத்தில் இடம் மாற்றிப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். பிரஷர் குக்கர் விளம்பரத்திலும் ஸ்கூட்டர் விளம்பரத்திலும் இதைச் செய்து பார்த்தால் வகுப்பில் உடனே பேச்சு கிளம்பும்.

ஜூன் 15

பக்கத்தில் இல்லாதவற்றைப் பற்றி. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், நீரிழிவு, கண்புரை, வலிப்பு, புற்றுநோய் முதலான நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுத்தது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றையும் மாய நிவாரணம் என்று பெயர் சொல்லியே குறித்தது. உடல் உயரத்தைக் கூட்டுவதாகச் சொல்வதும் அந்தப் பட்டியலில் உண்டு. சட்டத்துக்குப் பிறகு இவ்வகை விளம்பரங்கள் முற்றாக ஒழிந்துவிடவில்லை என்பது எந்த இதழின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாலும் தெரியும். ஆனாலும் ஒரு விளம்பரம் 1954க்கு முன்னதா பின்னதா என்பது அதன் சொற்களை எடைபோடுவதற்கு இன்றியமையாதது. "குணமாகும்" என்று துணிவாகச் சொன்ன இடத்தில் பின்னர் "உதவும்" வந்தால், அங்கே நடை மாறியதற்குப் பின்னால் வழக்கறிஞர் இருக்கலாம்.

புகையிலைப் பொருள்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம். அதன் விளம்பரத் தடை 2004 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆங்கில இதழ்களின் பின் அட்டையில் சிகரெட் விளம்பரங்கள் எவ்வளவு இயல்பாக இருந்தன என்பதை இன்றைய மாணவர்கள் நம்பவே மறுக்கிறார்கள். முகச் சிவப்பழகுக் களிம்புகளுக்கு அப்படி ஒரு சட்டம் வரவில்லை. 1975இல் அறிமுகமான ஃபேர் அண்ட் லவ்லி 2020இல்தான் பெயரை மாற்றிக்கொண்டது. இடையில் 2014இல் விளம்பரத் தர நிர்ணயக் குழுமம், கறுத்த நிறம் உடையவர்களை வாட்டத்தோடும் தோல்வியோடும் இணைத்துக் காட்டக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்தக் குழுமம் துறை தானாக அமைத்துக்கொண்ட அமைப்பு. ஒரே முகம் படிப்படியாக வெளுத்துக்கொண்டே போகும் வரிசைப் படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைப் பெண்கள் என் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். இந்தப் பகுதியை நடத்தும்போது என்னால் வெறும் கருவிகளை மட்டும் கற்பித்துவிட்டு நகர முடிவதில்லை. அந்த வரிசைப் படம் எத்தனை வீடுகளில் பெண் பார்க்கும் பேச்சுக்குள் நுழைந்தது என்று அவர்களே சொல்கிறார்கள். அதையும் பகுப்பாய்வின் பகுதியாக எழுதச் சொல்கிறேன்.

ஜூன் 19

"விளம்பரமே இல்லாத இதழை என்ன செய்வது?" என்று இடையில் ஒருவர் கேட்டிருக்கிறார். மிகவும் நல்ல கேள்வி. எழுத்தாளர் சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய "எழுத்து" என்னும் சிற்றிதழ், வணிக விளம்பர வருவாயை நம்பி நடந்த இதழ் அல்ல. சந்தாவையும் அவருடைய சொந்த இழப்பையும் நம்பி நடந்தது. அங்கே கதையைப் பாதியில் நிறுத்தி வாசகரைக் கடைசிப் பக்கத்துக்கு அனுப்ப வேண்டிய தேவை இல்லை. விளம்பரம் இல்லாமையும் ஒரு பொருளாதாரம். அதன் தடம் கட்டுரையின் நீளத்திலும் தாளின் தரத்திலும் இதழ் வரத் தாமதமாவதிலும் தெரியும்.

அமெரிக்காவில் மிஸ். என்னும் பெண்கள் இதழ் 1990இல் விளம்பரமே வேண்டாம் என்ற முடிவோடு மீண்டும் வெளிவந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான குளோரியா ஸ்டைனம் அப்போது சொன்ன காரணம் விளம்பரப் பிரிவில் இருந்த எவருக்கும் நன்கு புரியும். உணவுப் பொருள் விளம்பரம் வேண்டுமென்றால் சமையல் குறிப்பும், அழகுசாதன விளம்பரம் வேண்டுமென்றால் ஒப்பனைக் கட்டுரையும் இதழ் தர வேண்டும் என்று விளம்பரதாரர்கள் எதிர்பார்த்தார்கள். நம் பெண்கள் இதழ்களில் சமையல் போட்டியின் பெயரிலேயே ஓர் எண்ணெய் நிறுவனத்தின் பெயர் சேர்ந்து வரும்போது, அந்தப் பக்கம் கட்டுரையா விளம்பரமா என்று கேட்பது இந்தப் பாடத்தின் முக்கியமான பயிற்சி. மேல் மூலையில் "விளம்பரம்" என்ற சொல் எத்தனை சிறிய எழுத்தில் இருக்கிறது, எழுத்துரு இதழின் எழுத்துருவோடு ஒத்திருக்கிறதா, கட்டுரையாளர் பெயர் இருக்கிறதா என்று பார்க்கவும். விளம்பரம் செய்தியிலிருந்து தெளிவாக வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பது இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறை.

ஜூன் 20

உரிமையாளர் யார் என்று தெரியாமல் இதழைப் பற்றி எழுத வேண்டாம். ஆண்டுதோறும் பிப்ரவரி முடிந்தபின் வரும் முதல் இதழில் நான்காம் படிவம் என்ற அறிக்கை சிறு எழுத்தில் வரும் வழக்கம் 1956ஆம் ஆண்டு விதிகளால் ஏற்பட்டது. அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், உரிமையாளர்கள் எல்லோர் பெயரும் அதில் இருக்கும். மார்ச் மாத இதழ் கிடைத்தால் முதலில் அந்தக் கட்டத்தைத் தேடிப் படித்துவிட்டுப் பிறகு அட்டைக்கு வரலாம்.

ஜூன் 26

கதைப்படமும் விளம்பரப் படமும் வேறு வேறு உலகம் என்று ஜூன் 11 குறிப்பைப் படித்தவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. விகடனில் தொடர்கதைகளுக்கும் நகைச்சுவைப் பகுதிகளுக்கும் வரைந்து ஒரு தலைமுறையின் கண்ணைப் பழக்கிய கோபுலு, பின்னர் விளம்பரத் துறைக்குச் சென்றவர். ஆட் வேவ் என்ற விளம்பர நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவர்தான். தஞ்சாவூர்த் தெருவையும் கல்யாண வீட்டுக் கூட்டத்தையும் அறிந்த ஒரு கை விளம்பரத்துக்குள் வரும்போது, பம்பாய்ச் சட்டகத்தில் வராத திண்ணையும் தூணும் சொம்பும் உள்ளே வருகின்றன. கதைப்படத்தின் மீது வாசகருக்கு இருந்த நம்பிக்கையும் அவற்றோடு சேர்ந்து பொருளின் மேல் படிகிறது. பார்த் காட்டிய "யார் பார்க்கிறார்கள்" என்ற கேள்விக்குத் தமிழில் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. யாராவது முனைந்து ஆராய்ச்சியாகச் செய்ய வேண்டிய பொருள் இது.

ஜூலை 2

முழு இதழ் எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்கிறார்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குச் செல்லுங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்த தொகுப்பிலிருந்து 1994இல் உருவான அந்த நூலகத்தில் இதழ்களோடு திருமண அழைப்பிதழ், நோட்டீஸ் போன்றவையும் இருக்கின்றன. கன்னிமாரா நூலகம் சட்டப்படி வெளியீடுகளைப் பெறும் நூலகம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பல இதழ்களை வீட்டிலிருந்தே புரட்டலாம். மின்பதிப்பில் பக்க எண்கள் தொடர்ச்சியாக வருகின்றனவா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளவும். எண் தாவினால் அங்கே ஒரு தாள் விடுபட்டிருக்கிறது.

இணையத்தில் கிடைத்த சோப்புப் படத்தை விட மனமில்லை என்றால் அதற்கும் ஒரு வழி உண்டு. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். மெல்லிய தாளில் அச்சானது என்றால் மறுபக்க எழுத்து ஊடே தெரியும். படத்தை இடம்வலமாகத் திருப்பினால் ஓரிரு சொற்களைப் படித்துவிடலாம். அது தொடர்கதைப் பக்கமாக இருந்து ஒரு பாத்திரத்தின் பெயர் கிடைத்தாலும் போதும்; கதையைக் கொண்டு இதழையும் ஆண்டையும் கண்டுபிடித்து, உங்கள் ஆசிரியர் கேட்ட பக்க எண்ணோடு கட்டுரையைத் திரும்பக் கொடுங்கள்.